கதவைச் சாத்திட்டு வாங்க, அக்கா!

"கதவைச் சாத்திட்டு வாங்க, அக்கா! மறுகா தம்பியாக்கள் வந்திருவாங்க."

இப்படித்தான் தொடங்கியது. போயா லீவு நாள். கரடியனாற்றில், பதுளை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் ரோட்டில் ஒரு வளவு. முற்றத்தில் நெல் காய்கிறது. கோழி விரட்ட மாமி கம்போடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே பன்பாயில் நான், எதிரே ஒரு தங்கச்சி, எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பழைய பிரா, பக்கத்தில் உறை பிரிக்காத புது பிளேட். சத்திரசிகிச்சைக்கு எல்லாம் தயார்!

தங்கச்சி எட்டு வருசமாக பிரா லைனில் மெசின் அடிப்பவள். தன் பெயர் வேண்டாம், எந்தக் கார்மென்ட் என்றும் எழுத வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டாள். நானும் ஒன்று கேட்டேன். "தைக்கிறத நீ தினமும் செய்றாய். எனக்குப் பிரிச்சுக் காட்டு புள்ள. உள்ளுக்குள்ள என்னென்ன இருக்கெண்டு பார்க்கணும்."

ஏன் இந்த ஆசை? இப்போது எந்தக் கடையில் உள்ளாடை வாங்கினாலும் அட்டையில் ஒரு பச்சை இலை இருக்கிறது. சூழலுக்கு நல்லது, மீள்சுழற்சி நூல், பூமியைக் காக்கும் துணி என்று எழுதியிருக்கிறது. அந்தப் பச்சை, பிராவின் எந்தத் துண்டில் இருக்கிறது? கிண்ணத்திலா, கொக்கியிலா, லேஸிலா? உடம்போடு ஒட்டி நாள் முழுக்க நம்மோடு இருக்கும் ஒன்றைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இத்தனை வருசம் அணிந்திருக்கிறேனே என்ற தவிப்பு எனக்கு. உலகத்துக்கே உள்ளாடை தைக்கும் கைகள் என் சித்தி மகள்களுடையவை, அயல்வீட்டுப் பிள்ளைகளுடையவை. விடியமுன் கார்மென்ட் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்பவர்களைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது?

பிளேட் இறங்கியது. சர்ர்ர்ர்! ஒரு இழுவையில் அடிப்பட்டி கையோடு வந்துவிட்டது. "பாத்தீங்களா, சிக்சாக் தையல். நேர்த்தையல் போட்டா இழுக்கக்குள்ள நூல் அறுந்திரும்." அடுத்து இரண்டு கம்பிகள், அவை ஓடும் இரண்டு குழாய்கள். தோள்பட்டிகள் இரண்டு. குட்டி வளையங்கள் இரண்டு, ஏற்றி இறக்கும் சிலைடர்கள் இரண்டு. கொக்கி ஒன்று, கண் ஒன்று. கிண்ணத்துப் பஞ்சு இரண்டு, மேல் துணி இரண்டு, உள் துணி இரண்டு. நடுப்பாலம், அதற்கொரு அடித்துணி. இரண்டு சிறகுகள் (பின்பக்கம் சுற்றி வரும் துண்டுக்கு லைனில் பெயர் அதுதான், எவ்வளவு அழகான பெயர்!). கைக்குழிப் பட்டிகள் இரண்டு. அந்த அடிப்பட்டி ஒன்று. லேபிள் ஒன்று. கடைசியாக, நடுவில் உட்கார்ந்திருக்கும் நகக்கண் அளவு ரிப்பன் பூ.

பாயில் பரப்பி எண்ணினோம். இருபத்தேழு!

இருபத்தேழு துண்டு! உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானுக்குள் ஒரு சின்ன வீடே இருக்கிறது, கூரை, தூண், கதவு, தாழ்ப்பாள் எல்லாவற்றோடும். நான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். "இது லேசான ஸ்டைல்தான் அக்கா. சிலதுல நாப்பது வரும்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

இனி ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுக்கலாம்.

கிண்ணம். நான் நினைத்திருந்தது போல இது தைத்து எடுத்த வடிவம் இல்லை. தட்டையான பஞ்சுத் தாளைச் சூடான இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அமுக்குகிறார்கள். வெப்பம் 200 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போகும். "ரெண்டு அப்பச்சட்டிய ஒண்டுக்குள்ள ஒண்டு வைச்ச மாதிரி அக்கா. தூக்கினா கிண்ணம் வந்திருக்கும்." அப்பச்சட்டி! அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பொறியியலாளரிடமும் கிடைக்காது. அந்தப் பஞ்சு பொலியூரிதேன். வெளிச்சம் பட்டால் மஞ்சளிக்கும். ஒருமுறை வடிவம் பிடித்தபின் மீண்டும் உருக்கி வேறொன்று செய்ய முடியாது. பழசானால் குப்பைக்குழிதான். அதனால்தான் இப்போது பஞ்சுக்குப் பதிலாக 'ஸ்பேசர்' என்ற துணி வருகிறது. இரண்டு துணிப்பரப்புகளை இடைவெளி விட்டு நூலாலேயே தாங்கிப் பின்னிய பொலியெஸ்டர் துணி அது. காற்றுப் போகும், மஞ்சளிக்காது. கடையில் பிரா வாங்கும்போது கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சன்னமாக வலை போலத் தெரிந்தால் அது ஸ்பேசர். இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சியில் அன்று வீட்டுக் கொடியில் கிடந்த அத்தனையையும் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

இழுபடும் பட்டி. இதற்குள் எலாஸ்டேன் என்ற நூல் இருக்கிறது. 1958இல் அமெரிக்காவின் டியூபொண்ட் ஆய்வுகூடத்தில் ஜோசப் சிவர்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. லைக்ரா என்ற பெயரில் உலகம் அறிந்தது. தன் நீளத்தைவிடப் பல மடங்கு இழுபட்டு, விட்டவுடன் பழைய அளவுக்கே திரும்பும் அற்புதம். ஆனால் சூழல் கணக்கில் இதுதான் பெரிய தலைவலி. பருத்தியோடும் நைலோனோடும் பின்னிப் பிணைந்து கிடப்பதால், பழைய பிராவிலிருந்து ஒவ்வொரு நாராகப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். புட்டில் கலந்த சீனியைத் திரும்ப எடுக்கச் சொல்வது போன்ற வேலை. உலகத்து எலாஸ்டேனின் பெரும்பங்கைச் செய்வது சீனா.

லேஸ். இந்த இடத்தில்தான் நான் துள்ளிக் குதித்தேன்! லேஸ் பெரும்பாலும் நைலோன். நைலோன் என்றால் எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைக்காரருக்கு என்ன? தங்கூசி! வலை பின்னும் அந்தக் கண்ணாடி நரம்பும், உங்கள் தோளில் பூப்பூவாய்க் கிடக்கும் லேஸும் ஒரே குடும்பம். இது வெறும் உவமை இல்லை. இத்தாலியின் அக்வாஃபில் கம்பனி 2011 முதல் சுலோவேனியாவின் லுப்லியானா நகரத்து ஆலையில் கிழிந்த மீன்வலைகளையும் பழைய கம்பளங்களையும் மூலப்பொருள் நிலைக்கே உடைத்து, திரும்பப் புத்தம்புது நைலோன் நூலாக இழுக்கிறது. எகோனில் என்று அதற்குப் பெயர். நீச்சலுடை, உள்ளாடை செய்யும் கம்பனிகள் அந்த நூலை வாங்குகின்றன. மீன் பிடித்த வலை, பிறகு பிரா! வாவியோரம் கண்டல் வேர்களில் சிக்கிக் கிடக்கும் வலைத்துண்டுகளைப் பார்க்கும்போது இனி எனக்கு வேறு கண்.

போத்தலில் இருந்து நூல் எடுப்பதை நம் நாட்டிலேயே செய்கிறார்கள். ஹொரணையில் ஈகோ ஸ்பின்டில்ஸ் ஆலை பாவித்த பிளாஸ்டிக் போத்தல்களைப் பொலியெஸ்டர் நூலாக்குகிறது. 2019 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி போட்டு விளையாடிய சேர்ட் ஞாபகமிருக்கிறதா? கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கைக் கொண்டு எம்.ஏ.எஸ். ஹோல்டிங்ஸ் செய்த துணி அது. அந்த எம்.ஏ.எஸ்., 1987இல் அமாலியன் சகோதரர்கள் மூவர் தொடங்கி, பிராவில்தான் உலகப் பெயர் எடுத்தது.

சரி, துண்டுகளைப் பார்த்தாயிற்று. அவை ஒன்று சேரும் கூடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டாமா?

இதை எழுதும்போது என் விரல்கள் வேகமாக ஓடுகின்றன, ஏனென்றால் கதை எங்கள் மாவட்டத்துக்கே வருகிறது. உலகிலேயே முதன்முதலாக 'நிகர பூச்சியக் காபன்' சான்றிதழ் பெற்ற ஆடைத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது தெரியுமா? ஜெர்மனியில் இல்லை, ஜப்பானில் இல்லை. மட்டக்களப்பில்! பிரண்டிக்ஸ் நிறுவனத்தின் மட்டக்களப்புத் தொழிற்சாலை, 2019. கரடியனாற்றிலிருந்து செங்கலடிச் சந்திக்கு வந்து வலப்பக்கம் திரும்பினால் நகரம் எவ்வளவு தூரம்? இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. பாடும் மீனைச் சொல்லும் வாயால் இதையும் சொல்ல வேண்டாமா!

நிகர பூச்சியம் என்றால் அங்கே கரண்டே செலவாகாது என்று அர்த்தமில்லை. தொழிற்சாலை வெளியேற்றும் காபனை முதலில் எண்ணுகிறார்கள். பிறகு குறைக்கிறார்கள்: வெளிச்சம், குளிர், மெசின் மோட்டர் என்று ஒவ்வொன்றாக. கூரையில் சூரியத் தகடுகளை விரிக்கிறார்கள். அப்படியும் மிஞ்சுவதை வேறிடத்தில் ஈடு செய்கிறார்கள். கடைசியில் கணக்கு பூச்சியத்துக்கு வரவேண்டும். எங்கள் பங்குனி, சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலே மெசினை ஓட்டுகிறது!

இதற்கான விதை 2008இல் போடப்பட்டது. பிரித்தானியக் கடை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் 2007 ஜனவரியில் 'பிளான் ஏ' என்று ஒரு சூழல் திட்டத்தை அறிவித்தது. அடுத்த வருடமே அதற்குத் தைத்துக் கொடுக்கும் இலங்கைக் கம்பனிகளிடம் இரண்டு அதிசயங்கள். சீதுவையில் பிரண்டிக்ஸ் தன் முப்பது வருடப் பழைய தொழிற்சாலையைத் திருத்தி எடுத்தது. அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சபையின் லீட் பிளாட்டினம் தரத்தை உலகத்திலேயே முதலில் பெற்ற ஆடைத் தொழிற்சாலை அதுதான். சக்தியில் 46 சதவீதமும் தண்ணீரில் 58 சதவீதமும் காபனில் 80 சதவீதமும் குறைந்ததாக நிறுவனம் கணக்குக் காட்டியது. மற்றது துல்கிரியவில் எம்.ஏ.எஸ். புதிதாகக் கட்டிய துருலி. அது தனியே உள்ளாடைக்காகவே கட்டிய பசுமைத் தொழிற்சாலை. பிராவுக்காக!

துருலியின் உள்வேலைகள் எல்லாம் எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்தவை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மண்குடத்துத் தண்ணி ஏன் குளிர்கிறது? ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. துருலியில் ஏசிக்குப் பதிலாக நனைந்த தடுப்புகளுக்கூடாகக் காற்றை இழுத்து உள்ளே விடுகிறார்கள். அதே மண்குடம்! சுவருக்கு அந்த நிலத்து மண்ணையே அமுக்கிய கற்கள். ஜன்னல்கள் பகல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவருகின்றன. கூடம் முழுக்க ரியூப்லைட் எரியாமல் ஒவ்வொரு மெசின் ஊசிக்கும் மேலே மட்டும் ஒரு சின்ன விளக்கு. மழைத்தண்ணியைச் சேமிக்கிறார்கள். கூரையில் கொஞ்சம் செடி, கொஞ்சம் சூரியத் தகடு.

இதையெல்லாம் நான் ஆர்வத்தோடு சொல்லச் சொல்ல, தங்கச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஜன்னலுக்கால வெளிய தெரியுமா அக்கா?"

தெரியும். வேலை செய்பவர் மரத்தைப் பார்க்கக்கூடிய மாதிரித்தான் கட்டியிருக்கிறார்கள். அவள் முகம் மலர்ந்தது. "அப்பிடியெண்டா அது நல்ல இடம்" என்றாள். சான்றிதழ்ப் புள்ளிகள் எத்தனை இருந்தாலும், பத்து மணிநேரம் ஒரே இடத்தில் உட்காரும் ஒருத்தி கொடுத்த இந்தப் புள்ளியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்.

வெட்டும் மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே 'மார்க்கர்' என்ற தாளைப் போடுவார்கள். இருபத்தேழில் அந்தத் துணியில் வெட்டவேண்டிய துண்டுகள் எல்லாம் அதில் வரைந்திருக்கும். சிறகின் வளைவுக்குள் நடுப்பாலம், கிண்ணத்தின் ஓரத்தில் பட்டித்துண்டு என்று ஒரு விரல் இடமும் வீணாகாமல் கணினி பொருத்தும். பிராத் துண்டுகள் சிறியவை என்பதால் சந்துபொந்தெல்லாம் நிரம்பும். பெரிய கோலத்துக்குள் குட்டிக் கோலம்! அப்படியும் விழும் கழிவுத் துணியில் ஒரு பங்கு புத்தளம் சீமெந்துச் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. குப்பைமேட்டில் கிடந்து புகைவதைவிட அது மேல். ஆனால் எரிப்பதைப் பசுமை என்று என்னால் சொல்ல முடியாது.

இனி, அந்தப் போயா நாளில் என்னை உலுப்பிய இடம்.

இருபத்தேழு துண்டும் பாயில் கிடக்கின்றன. "இதெல்லாம் எங்க இருந்து வருது புள்ள?" என்று கேட்டேன்.

"கொன்டைனர்ல அக்கா. துணி, லேஸ், பட்டி, கொக்கி எல்லாம் பெட்டி பெட்டியா வரும். நிறையப் பெட்டியில சைனா எழுத்து."

இலங்கைக் கார்மென்ட்டுகளுக்கு வரும் துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான். அதாவது, நாங்கள் இங்கே சூரிய வெளிச்சத்தில் தைத்துப் பூச்சியக் கணக்குக் காட்டினாலும், துணிக்குச் சாயம் ஏறிய இடத்துத் தண்ணி வேறு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நூல் நூற்பதிலும் துணி நெய்வதிலும் சாயம் காய்ச்சுவதிலும்தான் உடையின் சூழல் சுமையில் பெரும்பாகம் இருக்கிறது. தைக்கும் கூடம் அதன் ஒரு மூலை.

ஆகவே வாருங்கள், சீனாவுக்கே எட்டிப் பார்ப்போம்!

குவாங்டொங் மாகாணத்தில் சாந்தோவ் நகரத்தின் கீழ் குராவ் என்று ஒரு ஊர். உள்ளாடை ஊர். தெருவெங்கும் பிரா விளம்பரம், வீட்டுக்கு வீடு தையல். 2009ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஒரு ஊரில் 20 கோடி பிராக்கள் செய்யப்பட்டன. இருபது கோடி! இலங்கை மக்கள்தொகையின் ஒன்பது மடங்குக்கு மேல். 2010இல் கிரீன்பீஸ் அமைப்பினர் அங்கே தண்ணீர் மாதிரி எடுத்தபோது, ஆற்றில் விடப்பட்ட கழிவு கடுமையான காரமாக இருந்தது. பக்கத்து லியன்ஜியாங் ஆறு கறுத்து, நாறி, அந்த மாகாணத்தின் மிக மோசமான ஆறுகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. வெள்ளை லேஸுக்காகக் கறுத்த ஆறு.

பிறகு நடந்ததுதான் நான் எல்லோரையும் பிடித்து நிறுத்திச் சொல்ல விரும்பும் கதை.

2018 ஜூனில் பீஜிங்கிலிருந்து மத்திய அரசின் சூழல் பரிசோதகர்கள் சாந்தோவுக்கு வந்தார்கள். ஆற்றைப் பார்த்தார்கள். வாக்குறுதிகள் தாளில் இருக்கின்றன, ஆறு அப்படியே கிடக்கிறது. அவர்கள் சொன்ன ஆலோசனை என்ன தெரியுமா? நகரத்துத் தலைவர்கள் வீடுகளை விட்டு வந்து, அந்த நாறும் ஆற்றங்கரையில் மக்களோடு மக்களாகத் தங்கட்டும். தண்ணி கறுப்பும் நாற்றமும் போகும்வரை!

இதை நான் வாசித்துக் காட்டியபோது மாமி நெல்லை விட்டுவிட்டு உள்ளே வந்தார். "மெய்யாத்தானாகா? போய்த் தங்கினாங்களா?"

தங்கினார்கள். ஆற்றங்கரைக் கிராமங்களில் அதிகாரிகள் முறைபோட்டுத் தங்கினார்கள். 2019 தொடக்கத்தில் ஆற்றுப்படுகையில் சிதறிக் கிடந்த சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. திறக்க விரும்பியவர்கள் புதிதாகக் கட்டிய சாயத்தொழில் பூங்காக்களுக்குள் வரவேண்டும். அங்கே எல்லோருக்கும் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, எல்லோருக்கும் பொதுவான நீராவி. பட்டறைக்குப் பட்டறை நிலக்கரி எரித்த கொதிகலன்கள் போயின. ஆறும் மெல்ல மெல்லத் தெளிந்தது.

அதிகாரி மட்டுமே காரணமா? இல்லை. மா ஜூன் என்ற முன்னாள் பத்திரிகையாளர் 2006இல் பீஜிங்கில் ஒரு சிறிய அமைப்பைத் தொடங்கினார். எந்த ஆலை எந்த ஆற்றில் என்ன விட்டுத் தண்டம் கட்டியது என்ற அரசுப் பதிவுகளைத் திரட்டி, ஒரு வரைபடத்தில் போட்டார். யாரும் திறந்து பார்க்கலாம். லண்டனில், நியூயோர்க்கில் இருக்கும் உடைக் கம்பனிகள் தங்களுக்குத் துணி தரும் ஆலையின் பெயரை அந்த வரைபடத்தில் தேட வேண்டி வந்தது. 2012இல் அவருக்குக் கோல்ட்மன் சூழல் விருது கிடைத்தது. 2014 ஜனவரி முதல் சீன அரசே பெரிய ஆலைகளின் வெளியேற்ற அளவுகளை அந்தந்த நேரத்திலேயே பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப் பணித்தது. எண்கள் வெளியே வந்தன, ஆலைகள் திருந்தத் தொடங்கின.

எல்லாம் பொன்னாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பசுமை உள்ளாடை என்ற பேச்சுக்குள் எனக்குக் கிடைத்த மிக உறுதியான சாமான் இதுதான். கணக்கை மூடி வைத்த ஊரில் ஆறு செத்தது. கணக்கைத் திறந்து வைத்தபோது ஆறு மூச்சு விட்டது.

தமிழ்நாட்டுத் திருப்பூரிலும் இதே பாடம். பனியன், ஜட்டி நகரம். பருத்திக்குச் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும், நிறைய உப்பு. அந்த உப்பெல்லாம் நொய்யல் ஆற்றுக்குப் போய், ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறை வந்தபின்தான் திறக்கலாம் என்றது. இன்று அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணியையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பட்டறைக்கே கொடுக்கின்றன. வழக்குப் போட்டவர்கள் விவசாயிகள் என்பதைக் கரடியனாற்று வயற்காரர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்? ஏறாவூர் புன்னைக்குடாவில் அரசு துணி பதனிடும் பூங்கா ஒன்றை முன்னெடுத்திருக்கிறது. துணியை இறக்குமதி செய்யாமல் இங்கேயே பதனிடுவது. எனக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது, மனதாரப் பிடித்திருக்கிறது. தங்கச்சியின் பெட்டிகளில் சைனா எழுத்துக்குப் பதிலாக ஏறாவூர் என்று இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு மெசினுக்கு அப்பால் ஆய்வுகூட வேலை, சாய இரசாயன வேலை கிடைக்கலாம். ஆனால் பதனிடுவது என்றால் சாயம். சாயம் என்றால் தண்ணி.

எங்கள் தண்ணி எப்படிப்பட்டது? வாவி 56 கிலோமீட்டர் நீளம், ஆழம் குறைவு. கடலோடு சேர்வது இரண்டே இடத்தில், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். உள்ளே வந்தது உள்ளேயே கிடக்கும். மட்டக்களப்பு நகரம் குடிப்பது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி. அந்தக் குளம் எங்கள் அயல்தான். ஆனால் ஆடி, ஆவணியில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் வற்றி, பவுசர் வரும்வரை வெறுங்குடத்தோடு நிற்கிறோம். தண்ணியின் அருமையை எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பின்னேரம் பாயைச் சுருட்டினோம். இருபத்தேழு துண்டுகளையும் தங்கச்சி ஒரு பேணிக்குள் போட்டு என்னிடம் தந்துவிட்டாள். வெளியே கொடியில், மாமியின் பெரிய துவாய்க்குக் கீழே, வழக்கம்போல உள்ளாடைகள் மறைந்து காய்ந்துகொண்டிருந்தன. "வெயில் படாட்டி மணக்கும் மாமி" என்று தங்கச்சியே துவாயை ஒருபக்கம் தள்ளிவிட்டாள். மாமி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடிய, இருட்டோடு இருட்டாகச் சந்தியில் நின்றேன். பஸ் வந்தது. ஒவ்வொருத்தியும் சோற்றுப் பார்சலும் தண்ணிப் போத்தலுமாக ஏறினாள். உலகத்தின் ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு பெண் நாளை அணியப்போகும் ஒன்றின் இருபத்தேழு துண்டுகளை இணைக்கப் போகிறவர்கள். தங்கச்சி ஜன்னலுக்குள்ளால் கை காட்டினாள். எனக்குப் பெருமையில் தொண்டை அடைத்தது.

வாசிக்கும் பெண்களே, இருக்கும் பிராவை இன்னும் ஒரு வருசம் பாவியுங்கள். கைகளால் கழுவி, முறுக்கிப் பிழியாமல், நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் விரித்துப் போட்டால் பட்டி சீக்கிரம் தளராது. புதிதாக வாங்கும்போது பச்சை இலையைப் பார்த்துத் திருப்தியடையாமல், துணியில் தீங்கான இரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழின் எண் அட்டையில் இருக்கிறதா என்று தேடுங்கள். தோலில் படும் துணிக்கு அதில் இரண்டாம் வகுப்பு என்று தனிக் கணக்கே உண்டு. அந்த எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

புன்னைக்குடாவுக்குப் பொறுப்பான அதிகாரிகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பூங்காவின் வாசலில் ஒரு பலகை வையுங்கள். வெளியேறும் தண்ணியின் நிறம், உப்பு, காரம், சூடு எவ்வளவு என்று அன்றன்றைய எண்ணைத் தமிழில் எழுதுங்கள். பஸ்ஸில் போகும் எங்கள் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு போகட்டும்.